ஏ.ஆர்.டி (எச்.ஐ.வி வைரஸை அடக்கி வைக்கும் மருந்து) மாத்திரை வாங்க வராமல் நின்றுபோன எச்.ஐ.வி நோயாளிகளைத் தேடுவது எப்படி? எத்தனை நாள் காத்திருக்கலாம்?

ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். குறித்த தேதிக்குப் பிறகு 28 நாள் வராதவரைச் சிகிச்சை விட்டவராகக் கணக்கில் எழுதுவது இப்போது பரவலான வழக்கம். முன்பு பல திட்டங்களில் 90 நாள் வைத்திருந்தார்கள். அதெல்லாம் அறிக்கைக்கான கெடு. மாத்திரை நின்றால் பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வைரஸ் மறுபடி பெருகிவிடும். ஆகவே வராதவர் பட்டியலை அன்று மாலையே எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு ஆள் அனுப்பும் முன் பதிவேடுகளைப் புரட்டுங்கள். மருந்தகம், ஆய்வகம், காசநோய்ப் பிரிவு, பிரசவப் பிரிவு, மாற்றல் கடிதக் கோப்பு எல்லாவற்றையும் ஒப்பிட்டால் சிலர் தொலையவே இல்லை என்பது தெரியும். எண் தவறாக எழுதப்பட்டிருக்கும். துணைவர் வந்து மாத்திரை வாங்கியிருப்பார். கையிருப்பையும் கணக்கிடுங்கள். தினம் ஒரு மாத்திரை போடுபவருக்கு 34 கொடுத்து 30 நாளில் வரச்சொல்லியிருந்தால், இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதற்குள் பேசிவிட்டால் ஒரு வேளைகூடத் தவறாது.

எல்லோரையும் ஒரே நாளில் தேட முடியாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், சி.டி.4 எண்ணிக்கை (ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்புச் செல்களின் அளவு) 200க்குக் கீழே உள்ளவர்கள், காசநோய் உள்ளவர்கள், சிகிச்சை தொடங்கி ஆறு மாதம் ஆகாதவர்கள் தேடல் பட்டியலில் முதலில் வரட்டும்.

போனை யார் எடுத்தாலும் பெயரையும் இன்னும் ஒரு விவரத்தையும் உறுதி செய்யாமல் விஷயத்துக்கு வராதீர்கள். வேறொருவர் எடுத்தால் "அப்புறம் கூப்பிடுகிறேன்" என்பதோடு நிறுத்துங்கள். குறுஞ்செய்தியில் நோயின் பெயர், மையத்தின் பெயர், மாத்திரை என்ற சொல் எதுவும் கூடாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் மூன்று முறையாவது முயலுங்கள். பகல் வேலைக்குப் போகிறவரைக் காலை பதினோரு மணிக்கே திரும்பத் திரும்ப அழைத்துவிட்டு 'தொடர்பு இல்லை' என்று எழுதுவது தேடல் ஆகாது. பேசக் கிடைத்தால் முதல் கேள்வி "ஏன் வரவில்லை?" என்று இருக்கக் கூடாது. "எப்படி இருக்கிறீர்கள், மாத்திரை கையில் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

வீட்டுக்குப் போவது சேர்க்கையின்போதே சம்மதம் தந்தவர்களிடம் மட்டும். எந்த எண், எந்த நேரம், வீட்டில் யாருக்குத் தெரியும், வருகிறவர் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் அன்றே எழுதி, ஒவ்வொரு வருகையிலும் சரிபாருங்கள். இந்தத் தாள் பழசாகிப்போவதால் பல தேடல்கள் தோற்கின்றன. மைய வண்டி, சீருடை, அடையாள அட்டை வேண்டாம். அக்கம்பக்கத்தில் விசாரிக்கவே கூடாது. ஒருவரின் ரகசியம் உடைந்தால் அவர் வேலையையும் வீட்டையும் இழக்கலாம். பெண்களுக்கு அடி விழலாம். அந்த ஆபத்து இருக்குமானால் தேடாமல் விடுவதே மேல்.

முடிவைத் தெளிவாக எழுதுங்கள்: வேறு மையத்தில் மருந்து வாங்குகிறார், இறந்துவிட்டார் (தேதி, சொன்னது யார்), நிறுத்திவிட்டார், வர விருப்பமில்லை, முகவரி தவறு. 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், வளம் குறைந்த நாடுகளில் தேடிக் கண்டறியப்பட்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். பின்னாளில் இறப்பு குறைந்து, சொல்லாமல் வேறு மையத்துக்கு மாறியவர்களின் பங்கு கூடியது. இந்த வேறுபாடு தெரியாமல் திட்டத்தின் இறப்பு விகிதத்தை நம்ப முடியாது. பட்டியல் மிக நீளமாக இருந்தால், குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுத்து அவர்களை மட்டும் முழு மூச்சாகத் தேடி, கிடைத்த முடிவை வைத்து இறப்புக் கணக்கைத் திருத்தலாம்.

திரும்பி வருகிறவரை வரிசையில் காக்க வைக்காதீர்கள், திட்டாதீர்கள், துணைக்கு ஆள் கூட்டி வரச்சொல்லாதீர்கள். முன்பு ஊழியர் பேசிய கடுஞ்சொல்லால் நின்றவரும் அவர்களில் இருப்பார். இருமல், காய்ச்சல், எடை குறைவு, தலைவலி கேளுங்கள், சி.டி.4 பாருங்கள். 200க்குக் கீழே என்றால் காசநோய்ப் பரிசோதனையும் கிரிப்டோகாக்கஸ் (மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒரு பூஞ்சை) பரிசோதனையும் அவசியம். மூளைக்காய்ச்சல் அறிகுறி இருந்தால் அதற்குச் சிகிச்சை முதலில், ஏ.ஆர்.டி சில வாரம் கழித்து. மற்றபடி அன்றே மருந்து கொடுத்துவிடலாம்.

பயணச் செலவோ வேலையோதான் காரணம் என்றால், நிலை சீரானதும் மூன்று மாத மருந்தை ஒரே தவணையில் கொடுங்கள். ஒருமுறை விட்டவர் மறுபடி விடும் வாய்ப்பு அதிகம். முதல் இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை நீங்களே அழைத்துப் பேசி, மூன்றாம் மாத வாக்கில் வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) எடுங்கள்.