கேள்வி-பதில்: படத்தைப் பார்த்து வாங்கிய பூ விதைகள்

இளவேனில் வந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி பூ விதையைப் பற்றித்தான். நீளமானவற்றைக் கத்தரித்திருக்கிறேன். கோபத்தில் கை வைக்கவில்லை.

கேள்வி: இணையத்தில் ‘நீல ரோஜா விதை, 50 எண்ணம்’ என்று பார்த்து வாங்கினேன். ஆறு வாரம் தண்ணீர் தெளித்தேன். ஏழெட்டு முளைத்தன. வளர்ந்த பிறகு பார்த்தால் ரோஜாவே இல்லை, ஏதோ களை. விற்றவர் பதில் போடுவதில்லை. தப்பு என் மேல்தானா?

பதில்: இல்லை. படத்துக்கு நீலச் சாயம் பூசியவர் மேல். ரோஜாவில் நீலத்துக்கான நிறமி இயற்கையிலேயே கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பல ஆண்டுகள் மெனக்கெட்டு, மரபணு மாற்றம் செய்து, அந்த நிறமியை ரோஜாவில் வரவழைத்ததாக 2004இல் அறிவித்தது. 2009இல் அந்தப் பூ விற்பனைக்கு வந்தது. அதுவே பார்வைக்கு வெளிர் ஊதாதான். இன்னொரு விஷயம், பெயர் பெற்ற ரோஜா ரகம் எதையும் விதை போட்டுப் பெருக்குவதில்லை. ஒட்டுக்கட்டுவார்கள், அல்லது குச்சி நடுவார்கள். விதையில் வருவது தாய்ச்செடி மாதிரி இருக்காது.

விளம்பரப் பக்கத்தை அவர்கள் நீக்குவதற்குள் படம் பிடித்து வையுங்கள். முளைத்த செடியையும் படம் எடுங்கள். இரண்டையும் சேர்த்து, ‘சொன்ன பொருள் இதுவல்ல’ என்று விற்பனைத் தளத்துக்கும், அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கிக்கும் புகார் எழுதுங்கள். இரண்டு இடத்திலும் கெடு இருக்கும், ஆகவே இன்றைக்கே எழுதுங்கள்.

வெட்கப்படவும் வேண்டாம். ஊதா நிறச் சூரியகாந்தி விதை வாங்கியவன் நான். தினமும் காலையில் போய் மொட்டைப் பார்ப்பேன். ஒருநாள் பச்சை உறை லேசாகப் பிரிந்து நுனி எட்டிப் பார்த்தது. மஞ்சள். நல்ல பளிச்சென்ற மஞ்சள். விதை முற்றியதும் வந்த குருவிகளுக்கு மட்டும் ஏகத் திருப்தி.

கேள்வி: பெட்டூனியா விதை இரண்டு பொட்டலம் வாங்கி, விரலால் குழி போட்டு ஊன்றி, மேலே மண் மூடி, மறக்காமல் குவளையால் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், அவர் தரக் கூடாது. ஒரு கிராம் எடையில் சுமார் 10,000 பெட்டூனியா விதை இருக்கும். தூசி அது. முளைக்க வெளிச்சமும் வேண்டும். ஈர மண் மேல் தூவி, லேசாக அழுத்திவிட்டு, மூடாமல் விட வேண்டும். நீங்கள் விரல் ஆழத்தில் புதைத்து, மேலே வெள்ளமும் விட்டிருக்கிறீர்கள். பொட்டலத்தின் பின்பக்கத்தில் எழுத்து இருக்கும், ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: ஆஸ்டர் விதை. ‘பொட்டலமிட்ட தேதி’ இந்த ஆண்டுதான் போட்டிருந்தது. சொன்னபடியே விதைத்தேன். 30 விதையில் மூன்றுதான் முளைத்தது. தேதி பார்த்து வாங்கியும் இப்படியா?

பதில்: வாருங்கள், இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

பொட்டலமிட்ட தேதி என்பது விதையைக் காகிதத்துக்குள் போட்ட தேதி. செடியில் அது விளைந்த தேதி அல்ல. மூன்று வருடம் மூட்டையில் கிடந்த விதையை நேற்றுப் பொட்டலம் கட்டினால், தேதி நேற்றையதுதான். அச்சிட்டதில் பொய்யே இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை! பால் பாக்கெட்டில் இப்படிச் செய்தால் சும்மா விடுவோமா? விதை என்றால் மட்டும், ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று சொல்லிக்கொண்டு தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறோம்.

பார்க்க வேண்டியது முளைப்புச் சோதனை செய்த தேதி, அதில் கிடைத்த முளைப்புச் சதவீதம், குவியல் எண் (எந்தத் தொகுதி விதை என்று காட்டும் எண்). இவை இல்லாமல் பளபளப்பான பூப்படம் மட்டும் இருந்தால், நீங்கள் வாங்குவது படத்தைத்தான். எத்தனை விதை என்று சொல்லாமல் எடையை மட்டும் போடுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

எல்லா விதைக்கும் ஆயுள் ஒன்றல்ல. ஆஸ்டர் ஓராண்டைத் தாண்டினாலே தளரத் தொடங்கிவிடும். ஜீனியாவை உலர்வாக வைத்தால் மூன்று நான்கு ஆண்டு தாங்கும். விதைக்குள் இருக்கும் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வெயில் நேராக விழும் கடை வாசலில் கம்பியில் தொங்கும் பொட்டலத்தின் கதி புரியும். அங்கே தொங்குவதை வாங்கவே வாங்காதீர்கள்.

அடுத்த முறை, மொத்தத்தையும் விதைப்பதற்கு முன் பத்து விதையை எடுத்து ஈரக் காகிதத் துண்டில் சுருட்டி, மூடிய டப்பாவில் வையுங்கள். ஜீனியாவுக்கும் செண்டுமல்லிக்கும் ஒரு வாரம் போதும், ஆஸ்டருக்கு இரண்டு வாரம் கொடுங்கள். பத்துக்கு ஒன்றுதான் வேர் விட்டது என்றால், அந்த டப்பாவோடும் பொட்டலத்தோடும் கடைக்குப் போங்கள். ‘நீங்கள் தண்ணீர் அதிகம் ஊற்றியிருப்பீர்கள்’ என்ற பேச்சு அங்கே எடுபடாது. உங்களிடம் இப்போது பொட்டலம் இருக்கிறதா? குப்பையில் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: விலை கூடிய எஃப்1 செண்டுமல்லி. போன வருடம் அருமையாகப் பூத்தது. அதிலேயே விதை எடுத்து இந்த வருடம் போட்டேன். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, பூவும் சின்னது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. எஃப்1 என்றால் முதல் தலைமுறைக் கலப்பு. அடுத்த தலைமுறை கலைந்துதான் வரும். விதை எடுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் நாட்டு ரகமோ, பூச்சியும் காற்றும் இயல்பாக மகரந்தம் சேர்க்கும் ‘திறந்த மகரந்தச் சேர்க்கை’ ரகமோ வாங்குங்கள்.

கேள்வி: படத்தில் அடுக்குப் பூ. வந்ததில் சில ஒற்றை இதழ்.

பதில்: சில என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். விதையில் வரும் அடுக்குப் பூக்களில் ஒற்றை கலப்பது சகஜம். ஸ்டாக் என்ற பூவில் நல்ல விதைக்கே சுமார் பாதிதான் அடுக்கு வரும். எல்லாமே ஒற்றை என்றால் சண்டை போடுங்கள்.

கேள்வி: மூடியோடு வரும் முளைப்புத் தட்டு வாங்கலாமா?

பதில்: நான் வாங்கினேன். கண்ணாடி மாதிரி மூடி, 72 குழி, பார்க்கவே அழகு. நான்காம் நாள் எல்லாம் முளைத்தது. மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்ததை ரசித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் காலை, நாற்றுகள் ஓரமாகச் சாய்ந்து கிடந்தன. மண்ணோடு ஒட்டும் இடத்தில் தண்டு நூலாக இறுகிப் பழுப்பேறியிருந்தது. நாற்றழுகல். ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து. தட்டின் மேல் குற்றமில்லை, முளைத்த உடனே மூடியை எடுத்திருக்க வேண்டும். அதே வேலையை அடியில் துளை போட்ட பழைய தயிர் டப்பா செய்யும். வாங்கினால் மூடியை மறந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: நான் கேட்காமலேயே தபாலில் விதைப் பொட்டலம் வந்திருக்கிறது. பெயரும் முகவரியும் சரியாக இருக்கிறது. இலவசம்தானே, நட்டுப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. 2020இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இப்படி வந்தது. நடாதீர்கள் என்றுதான் அந்த நாட்டு வேளாண் துறையும் சொன்னது. இணைய விற்பனையாளர்கள் பொய் விற்பனையைக் காட்டித் தங்களுக்குத் தாங்களே பாராட்டு விமர்சனம் எழுதிக்கொள்ளும் தந்திரம் என்று பேசப்பட்டது. ஊர் பேர் தெரியாத விதையோடு களையும் நோயும் வரலாம். பிரிக்காமல் வேளாண் அலுவலகத்தில் கொடுங்கள். அப்புறம், வாங்கும் தளங்களில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், உங்கள் முகவரி யாரிடமோ போயிருக்கிறது.

கேள்வி: காட்டுப்பூக் கலவை என்று பெரிய டப்பா. திறந்தால் பாதி உமி.

பதில்: நுண்ணிய விதையைச் சமமாகத் தூவ, உமி மாதிரி நிரப்புப் பொருள் சேர்ப்பது உண்டு. எவ்வளவு என்று டப்பாவில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் உமி விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: விதையா, நாற்றா? எது லாபம்?

பதில்: ஐந்து செடி வேண்டும் என்றால் நாற்று. பாத்தி நிறைய வேண்டும் என்றால் விதை. பின்பக்கம் படிக்கப் பொறுமை இல்லை என்றால் நாற்றேதான்.