மின்னுவுக்கு எப்போது ஆபரேஷன்?

கேள்வி: எங்கள் மின்னு பொமரேனியன். ஐந்தரை மாதம், மூன்றரை கிலோ. ஆறு மாதம் ஆனதும் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். யூடியூபில் இரண்டு வயது வரை பொறுக்கச் சொல்கிறார்கள். மாமியாரோ, "ஒரு தடவையாவது குட்டி போடட்டும், இல்லாவிட்டால் நோய் வரும், பாவம்" என்கிறார். தினமும் பாலில் ரஸ்க் நனைத்து ஊட்டுவது அவர்தான். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், சகோதரி. மின்னுவுக்கு ஆறு மாதம் நல்ல வயது. முதல் ஹீட் (இணை சேரும் பருவம்) வருவதற்குள் முடித்துவிடுவது இன்னும் நல்லது.

மாமியார் சொல்வது அன்பில் வருகிறது, அதைத் தள்ளிப் பேசாதீர்கள். ஆனால் குட்டி போட்டால் நோய் வராது என்பது சரியில்லை. சில வருடங்களுக்கு முன் ஒன்பது வயது நாய் ஒன்றை என்னிடம் தூக்கி வந்தார்கள். இரண்டு தடவை குட்டி போட்டவள். "பத்து நாளாகத் தண்ணீர் நிறையக் குடிக்கிறாள், வெயில் என்று நினைத்தோம்" என்றார்கள். ஹீட் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வயிற்றைத் திறந்தால், பென்சில் தடிமன்கூட இருக்க வேண்டாத கர்ப்பப்பை இரண்டு பக்கமும் வாழைக்காய் பருமனுக்குச் சீழ் கட்டி நின்றது. நான்கு நாள் டிரிப்ஸில் கிடந்து பிழைத்தாள். எல்லா நாய்களும் அப்படிப் பிழைப்பதில்லை. கர்ப்பப்பை இருக்கும் பெண் நாய்களில் நான்கைந்தில் ஒன்றுக்காவது பத்து வயதுக்குள் இது வருகிறது என்று ஸ்வீடனில் கணக்கெடுத்திருக்கிறார்கள். மின்னுவின் கர்ப்பப்பை இப்போது பேனா ரீஃபில் தடிமன்தான் இருக்கும். இந்த நிலையில் எடுப்பதற்கும் அந்த நிலையில் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மாமியாருக்குச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது மார்புக் கட்டி. 1969-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு ஒன்று, ஆபரேஷன் ஆகாத நாய்க்கு இருக்கும் ஆபத்தை நூறு என்று வைத்தால், முதல் ஹீட்டுக்கு முன் ஆபரேஷன் ஆனதற்கு அரை, ஒரு ஹீட்டுக்குப் பின் எட்டு, இரண்டுக்குப் பின் இருபத்தாறு என்றது. பழைய ஆய்வு, எண்களைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இருந்தாலும், சீக்கிரம் செய்தால் கட்டி குறைகிறது என்பதுதான் நானும் என் மேஜையில் பார்த்தது.

யூடியூப்காரர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பேசுவது லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரிப் பெரிய நாய்களைப் பற்றி. அவற்றுக்கு எலும்பு வளர்ந்து முடியுமுன் ஆபரேஷன் செய்தால் மூட்டுத் தொந்தரவு கூடுகிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 35 இன நாய்களைப் பார்த்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், சின்ன இனங்களுக்கு அந்த மூட்டுப் பிரச்சினை கூடவில்லை. (நம் ஊரில் பொமரேனியன் என்று விற்பது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.) சில நாய்களுக்குப் பிற்பாடு தூக்கத்தில் சிறுநீர் கசியலாம். அதுவும் பெரிய நாய்களுக்குத்தான் அதிகம், மருந்தும் இருக்கிறது.

இப்போதிருந்தே வெள்ளைத் துணியில் படுக்க வையுங்கள். பின்பக்கம் வீங்கி, அடிக்கடி நக்கிக்கொண்டு, துணியில் சொட்டு ரத்தம் தெரிந்தால் ஹீட் வந்துவிட்டது. அப்போது அவசரப்பட்டு ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம், ரத்தக் குழாய்கள் தடித்திருக்கும். இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். அந்த முதல் மூன்று வாரம் மொட்டை மாடியில்கூடத் தனியே விடாதீர்கள். தன்னைவிடப் பெரிய தெரு நாயின் குட்டியைச் சுமந்து, பிரசவத்தில் திணறிய சின்ன நாய்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஹீட் முடிந்த பின் பொம்மையைக் குட்டி மாதிரி அணைத்துக்கொண்டு மடியில் பால் கட்டினால், அது வற்றும்வரை பொறுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் கட்டாயம் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் அதிகம். ஓடியாடிக்கொண்டிருக்கும் நாய்க்கே தட்டணுக்கள் இறங்கியிருக்கும், கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. உங்கள் டாக்டரிடம் வசதியில்லை என்றால் பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

அப்புறம், மின்னுவின் மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். கோரைப் பல் முளைக்கும்போது பால் பல் விழாமல் பக்கத்திலேயே இரட்டையாக நின்றால், அதே மயக்கத்தில் பிடுங்கிவிடலாம். சின்ன நாய்களுக்கு இது சகஜம். இன்னொரு மயக்க ஊசி மிச்சம்.

காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். இந்த எடையில் ரொம்ப நேரம் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும், அதனால் எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்துவது என்று டாக்டரிடமே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது போர்த்த ஒரு துண்டு எடுத்துப் போங்கள், சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். கழுத்துக் கோன் போட்டால் முரண்டு பிடிக்கிறாள் என்றால், டாக்டர் சம்மதித்தால் கைக்குழந்தை ஜபலா ஒன்றில் வாலுக்கு ஓட்டை வெட்டி மாட்டிவிடுங்கள். தையலை நக்காமல் பத்துப் பன்னிரண்டு நாள் காப்பாற்றினால் போதும்.

ஆபரேஷனுக்குப் பின் உடம்பு சுலபமாகப் போடும். தட்டில் வைப்பதில் கால் பங்கு குறையுங்கள். மாமியார் ஊட்டும் ரஸ்க்கையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.