பெங்களூரிலிருந்து சென்னைக்கு வீடு மாற எந்த நிறுவனத்தை நம்புவது?

பெங்களூரில் ஒன்பதாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு, அடுத்த மாதம் சென்னைக்கு மாற்றம், மூன்று பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் நிறுவனங்கள் 16,000, 24,000, 29,000 ரூபாய் என்று ஆளுக்கொரு தொகை சொல்லியிருக்கிறார்கள், யாரிடம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே சாலையில் இரண்டு முறை குடும்பத்தோடு வீடு மாறியவள் என்பதால் எழுதுகிறேன். 2016-இல் சென்னையிலிருந்து பெங்களூர் போனோம். 2022-இல் திரும்பி வந்தோம். முதல் முறை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டாம் முறை ஒரு டம்ளர்கூட நசுங்கவில்லை.

உங்கள் கேள்வியில் நான் தேடிய விவரம் ஒன்று இல்லை. அந்த மூவரில் யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தார்களா? தொலைபேசியில் கேட்டு அப்படியே சொன்ன தொகை என்றால், மூன்றையுமே இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பார்க்காமல் சொன்ன தொகை எதுவும் கடைசி வரை அதே தொகையாக நிற்காது.

2016-இல் நான் செய்த தவறு அதுதான். இணையத்தில் ஒரு பட்டியல் தளத்தில் என் எண்ணைப் பதிந்தேன். பத்து நிமிடத்தில் அழைப்புகள் தொடங்கி இரவு வரை ஓயவில்லை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை பெட்ரூம், எந்த மாடி?" இருப்பதிலேயே குறைவாக 14,000 சொன்னவருக்குச் சரி என்றோம். பேசியவர் ஒருவர், முன்பணம் போனது வேறொருவர் கணக்குக்கு, காலையில் வாசலில் வந்து நின்றவர்கள் முன்பின் தெரியாத மூன்றாவது ஆட்கள். நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், வந்தது இரண்டு பேர். பரணைத் திறந்ததும் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். அத்தையின் சீர்வரிசைப் பித்தளை அண்டாக்கள், குத்துவிளக்குகள், ஐந்து பெட்டி கொலு பொம்மைகள். "இதெல்லாம் எங்களிடம் சொல்லவில்லையே" என்றார்கள். உண்மைதான், எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஓர் இரவில் போய்ச் சேரக்கூடிய தூரம் அது. ஏறக்குறைய 350 கிலோமீட்டர்தான். எங்கள் சாமான்கள் ஐந்தாம் நாள் வந்தன. இன்னும் இரண்டு குடும்பங்களின் சாமான்களோடு சேர்த்து ஏற்றி, வழியில் ஏதோ ஒரு கிடங்கில் இறக்கி, வேறு வண்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கூடுதலாக 11,000 ரூபாய் கொடுத்தால்தான் கதவைத் திறப்போம், இல்லையென்றால் வண்டி கிடங்குக்குத் திரும்பிவிடும் என்றார்கள். மறுநாள் மகளுக்குப் புதுப் பள்ளியில் முதல் நாள், அவள் புத்தகமெல்லாம் அந்த வண்டிக்குள் இருந்தது. கொடுத்தோம். தசாவதார வரிசையில் நான்கு பொம்மைகள் உடைந்திருந்தன. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, அதே செய்தித்தாளில் திரும்பச் சுற்றி, பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அந்தப் பெட்டி இன்றும் வீட்டில் இருக்கிறது.

பிறகு விசாரித்தபோதுதான் இந்தத் தொழில் நடக்கும் விதம் புரிந்தது. நிறுவனம் என்று சொல்லித் தொலைபேசியில் பேசுபவர்களில் பலரிடம் சொந்த வண்டியும் கிடையாது, நிரந்தர ஆட்களும் கிடையாது. வேலையைப் பிடித்து, தன் கமிஷனை எடுத்துக்கொண்டு, இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுவார்கள். வண்டியோடு வருபவருக்குக் கையில் மிஞ்சுவது டீசலுக்கும் கூலிக்குமே போதாது. அந்தக் குறையை அவர் நம் வாசலில் நின்று வசூலிக்கிறார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. யாரிடம் கொடுத்தோம் என்பதே தெரியாமல் கொடுத்ததுதான் கோளாறு.

2022-இல் திரும்பும்போது, அடுக்குமாடியில் எங்களுக்கு முன்னால் காலி செய்துபோன இரண்டு குடும்பங்களிடமும், வாசல் காவலரிடமும்தான் முதலில் கேட்டேன். காவலர் வாரா வாரம் யாராவது வீடு மாறுவதைப் பார்ப்பவர். எந்த ஆட்கள் லிஃப்டை இடித்துச் சேதப்படுத்தினார்கள், எந்த வண்டிக்காரர் இரவு பத்து மணிக்கு வந்து தகராறு செய்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இணையத்தில் வரிசையாக நிற்கும் ஐந்து நட்சத்திரங்களைவிட அவர் சொன்ன இரண்டு பெயர்கள் எனக்குப் பெரிதாகப் பட்டன. இரண்டு பேரையும் நேரில் வந்து பார்க்கச் சொன்னேன். ஒருவர் வீடியோ அழைப்பில் காட்டினால் போதும் என்றார். இன்னொருவர் சனிக்கிழமை காலை தன் மேற்பார்வையாளரை அனுப்பினார்.

ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு நோட்டு, பையில் அளவு டேப். உள்ளே வந்தவுடன், "ஸ்டூல் இருக்கிறதா அம்மா?" என்று அத்தையிடம் கேட்டு, ஏறி, முதலில் பரணைத் திறந்தார். பெட்டிகளை எண்ணினார். கொலு பொம்மை என்று அத்தை சொன்னதும் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்க்க அனுமதி கேட்டார். மண் பொம்மையா, காகிதக் கூழா என்று பார்த்து, மண் என்றதும் தனியாகக் குறித்துக்கொண்டார். அடுத்து சலவை இயந்திரம். "இது முன்பக்கம் கதவு வைத்தது. டிரான்ஸிட் போல்ட் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. உள்ளே டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது, வண்டி குலுங்கும்போது அது ஆடி அடித்துக்கொள்ளும், அதைப் பின்பக்கமிருந்து இறுக்கிப் பிடித்து வைப்பதற்காகத்தான் வாங்கும்போதே நீளமான போல்டுகள் தருகிறார்கள் என்று விளக்கினார். கையேடு இருந்த பைக்குள்ளேயே நான்கும் கிடந்தன. உங்கள் வீட்டிலும் அந்த வகை இயந்திரம் இருந்தால் இன்றைக்கே தேடி எடுத்து வைத்துவிடுங்கள்.

அதன்பிறகு அவர் செய்ததுதான் என்னை முடிவெடுக்க வைத்தது. கீழே போய் லிஃப்டின் கதவு அகலத்தையும் உள் உயரத்தையும் அளந்தார். மூன்று பேர் உட்காரும் சோபா படுக்கைவாட்டில் நுழையாது, கால்களைக் கழற்றி நிமிர்த்தி நிறுத்தினால் போகும் என்றார். பிறகு காவலரிடம் போய் 14 அடி வண்டி வாயில் வளைவுக்குள் வருமா, வராவிட்டால் வெளியே எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்று கேட்டார். வராது என்று தெரிந்ததும் வாயிலிலிருந்து லிஃப்ட் வரை நடந்து பார்த்தார். அந்த நடைக்குக் கூடுதலாக ஓர் ஆள் வேண்டும் என்று அப்போதே தொகையில் சேர்த்துக்கொண்டார். அன்று மாலை வந்த மதிப்பீட்டில் வண்டி, சாமான்களைப் பொதிகட்டும் பொருள்கள், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கட்டிலைக் கழற்றி மாட்டுவது, ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனி வரியில் இருந்தன. மொத்தம் 31,000 ரூபாயும் வரியும். கடைசியில் கொடுத்ததும் அதே தொகைதான், ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

ஆள் நல்லவராகத் தெரிந்தாலும் காகிதத்தைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். மதிப்பீட்டில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். எழுத்தும் எண்ணுமாக 15 இடங்கள், முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அதை ஜி.எஸ்.டி. அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தால் பதிவுப் பெயர், பதிவான தேதி, இப்போது நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வரும். அங்கே வரும் பெயரும், மதிப்பீட்டில் உள்ள பெயரும், முன்பணம் கேட்கும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய நிறுவனத்தின் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு சொல்லை ஒட்டிக்கொண்டு நடக்கும் கடைகள் நிறைய உண்டு. தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கு முன்பணம் அனுப்பச் சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

"இன்சூரன்ஸ் மூன்று சதவீதம்" என்று ஒரு வரி பெரும்பாலான மதிப்பீடுகளில் இருக்கும். நன்றாகக் கேளுங்கள்: எந்தக் காப்பீட்டு நிறுவனம், பாலிசி என் பெயரில் வருமா, வண்டி புறப்படும் முன் சான்றிதழ் கையில் கிடைக்குமா? பல இடங்களில் அது காப்பீடே இல்லை, அவர்களாக வாங்கி வைத்துக்கொள்ளும் பணம். உடைந்தால் காட்டுவதற்குப் பாலிசி எண் இருக்காது. எங்களுக்கு வந்த மேற்பார்வையாளர், பாலிசி எடுப்பதானால் பொருள்வாரியாக மதிப்பு எழுதித் தரவேண்டும் என்று அவராகவே சொன்னார். உண்மையான காப்பீட்டில் அந்தப் பட்டியல் இல்லாமல் நடக்காது.

மதிப்பை எழுதுவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. சாலை வழியாகச் சரக்கு ஏற்றிச் செல்பவர்களுக்கென்று 2007-இல் வந்த மத்தியச் சட்டமும் 2011-இல் வந்த அதன் விதிகளும் இருக்கின்றன. நாம் கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்குரிய கட்டணம் கட்டாவிட்டால், அவர்கள் பொறுப்பு சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும். இழப்புக்கு வழக்குப் போடுவதானால் முன்பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். 2016-இல் இது எனக்குத் தெரியாது. யாரிடம் போவது என்று யோசித்து யோசித்தே மாதங்கள் ஓடிவிட்டன. இப்போதைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், பெங்களூருக்கு அலைய வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வண்டி புறப்பட்ட பிறகு நடக்கும் ஏமாற்று ஒன்றையும் சொல்ல வேண்டும். நடு இரவில் ஓட்டுநரிடமிருந்து அழைப்பு வரும். எல்லையில் பிடித்துவிட்டார்கள், இ-வே பில் (சரக்கோடு போகவேண்டிய மின்னணுச் சீட்டு) இல்லையாம், நுழைவு வரி கட்டவேண்டுமாம், உடனே பணம் அனுப்புங்கள் என்பார். பயன்படுத்திய வீட்டுப் பொருள்களுக்கு இ-வே பில் தேவையில்லை என்று ஜி.எஸ்.டி. விதிகளிலேயே விலக்கு இருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதே பொருள்களுக்கான நுழைவு வரியும் போய்விட்டது. அதைச் சொல்லி, மதிப்பீடு கொடுத்த அலுவலகத்தோடு பேசுங்கள் என்று வைத்துவிடுங்கள். வண்டியோடு போக வேண்டியது எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதும், எண்ணிட்ட பெட்டிப் பட்டியலும். இரண்டின் நகலும், வண்டி எண்ணும், ஓட்டுநரின் கைப்பேசி எண்ணும் உங்களிடம் இருக்கட்டும்.

தனி வண்டியா, மற்றவர்கள் சாமானோடு சேர்த்தா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். உங்களுக்கு வந்த 16,000-க்கும் 29,000-க்கும் இடையிலான வித்தியாசம் இதிலேயே அடங்கியிருக்கலாம். சேர்த்து ஏற்றுவது தவறில்லை, அவசரமில்லாதவர்களுக்கு அது நல்ல சிக்கனம். ஆனால் எத்தனையாம் நாள் வரும், வழியில் இறக்கி ஏற்றுவார்களா என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு முனைகளிலும் குடியிருப்போர் சங்கத்தின் விதிகளை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். பாக்கி இல்லை என்ற கடிதம் இல்லாமல் பல சங்கங்கள் வண்டியை வெளியே விடாது. ஞாயிற்றுக்கிழமை சாமான் இறக்கக் கூடாது, மாலை ஆறு மணிக்கு மேல் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்றெல்லாம் சென்னையில் உண்டு. கனரக வண்டிகள் நகருக்குள் வருவதற்கு நேரக் கட்டுப்பாடும் இருப்பதால், விடியற்காலையில் வந்து சேரும்படி புறப்பாட்டு நேரத்தை அமைக்கச் சொல்லுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் ஒரு யோசனை. ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வீடு மாற மாட்டார்கள். அதனால் அந்த மாதங்களில் நல்ல ஆட்கள் கிடைப்பார்கள், தொகையும் இறங்கிவரும். தை, ஆவணி முகூர்த்த நாட்களிலும் மே மாத விடுமுறையிலும் நல்ல நிறுவனங்களே வெளியாட்களைப் பிடித்து அனுப்பும். எங்கள் அத்தை ஆடியில் பால் காய்ச்ச ஒப்புக்கொள்ளமாட்டார் என்பதால் ஆடி பிறப்பதற்கு நான்கு நாள் முன்னால் வந்துவிட்டோம், அதற்கே கூட்டம் குறைவாக இருந்தது.

பொருள்கள் இறங்கியதும் பெட்டி எண்களைப் பட்டியலோடு ஒத்துப்பார்த்து, உடைந்தது, குறைந்தது எதுவாக இருந்தாலும் ரசீதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிரித்துப் பார்க்காத பெட்டிகளுக்கு "பிரித்துப் பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். நகை, பத்திரங்கள், கல்விச் சான்றிதழ்கள், மருந்துகள் எதையும் வண்டியில் ஏற்ற வேண்டாம், உங்களோடு எடுத்துப் போங்கள்.

இனி உங்கள் மூன்று தொகைகளுக்கு வருகிறேன். 24,000-உம் 29,000-உம் சொன்ன இருவரையும் அழைத்து, இந்த வாரத்துக்குள் ஆளை அனுப்பி வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 16,000 சொன்னவரையும் கூப்பிடுங்கள், வந்தால் அவரையும் பார்ப்போம். வருபவர் எங்கே முதலில் போகிறார் என்று கவனியுங்கள். பரணைத் திறந்து, லிஃப்டை அளந்து, வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் சொல்லும் தொகை 29,000-ஐவிடக் கூடினாலும் அவரிடமே கொடுங்கள். மூவரும் வரமாட்டேன் என்றால் உங்கள் வாசல் காவலரிடம் பேசுங்கள், இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.