கேள்வி-பதில்: களைச்செடிகளும் அவற்றின் சரக்கும்

பார்த்தீனியம் பிடுங்கியதிலிருந்து கையில் அரிப்பு. இப்போது சாமந்தி தொடுத்தாலும் அரிக்கிறதே?

இலை கேரட் இலை போலத் தெரிந்தாலும் பார்த்தீனியம் சாமந்திக்குத்தான் பங்காளி. அதிலுள்ள பார்த்தீனின் என்னும் வேதிப்பொருள் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடல் ஒருமுறை அதைப் பகையாகக் கண்டுவிட்டால், அதே வகைப் பொருள் கொண்ட சாமந்தியையும் விடாது. பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். களையைக் கையுறையில்லாமல் தொடாதீர்கள்.

படத்தில் இருப்பது மஞ்சள் கரிசலாங்கண்ணிதானே? பொடி செய்யலாமா?

படத்தில் இருப்பவை நான்கு இலைகளும் உங்கள் கட்டைவிரலும். பூ எங்கே? பூவில்லாமல் படம் அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? பூங்காக்களில் தரையை மூட வளர்க்கும் அமெரிக்க மஞ்சள் பூக்கொடியைக் கரிசலாங்கண்ணி என்று நினைத்துப் பறித்துப் பொடியாக்கியவர்கள் நிறையப் பேர்.

முயல்செவிச் சாறு தினமும் குடிக்கிறேன். கெமிக்கல் இல்லாத மூலிகைதானே?

‘கெமிக்கல் இல்லாத’ என்ற சொல் வராத வாரமே இல்லை. அப்படி ஓர் இலை உலகத்தில் கிடையாது. செடியால் ஓட முடியாது. புழுவையும் ஆட்டையும் விரட்ட அது சேர்த்து வைப்பதெல்லாம் வேதிப்பொருள்தான். முயல்செவியில் இருப்பது பைரோலிசிடின் ஆல்கலாய்டு. அதை விஷமாக்குவது நம் கல்லீரலேதான். மாற்றப்பட்ட பொருள் கல்லீரலின் சிறு இரத்தக் குழாய்களை அடைக்கும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது, கஷாயத்தில் இறங்கிவிடும். 1970களில் ஆப்கானிஸ்தானில் இதே சரக்குள்ள, வேறு குடும்பத்துக் களையின் விதை கோதுமையில் கலந்து, ஆயிரக்கணக்கானோர் வயிறு வீங்கி அவதிப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். ‘பாட்டி கொடுத்தாரே’ என்பீர்கள். பாட்டி தொண்டை நோவுக்கு என்றைக்கோ ஒரு நாள் கொடுத்திருப்பார், தினம் ஒரு டம்ளர் அல்ல. எத்தனை மாதமாகக் குடிக்கிறீர்கள் என்றும் எழுதவில்லை. உடனே நிறுத்துங்கள், கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தொடவே வேண்டாம்.

ஜெர்மனியில் என் மகன் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த, வெள்ளைக் குடைப்பூச் செடியை வெட்டினான். மறுநாள் கை முழுக்கக் கொப்புளம். ஒவ்வாமையா?

பூவையும் உயரத்தையும் எழுதினீர்களே, நன்றி. ராட்சத ஹாக்வீடாக இருக்கலாம், கேரட் குடும்பம். இது ஒவ்வாமை அல்ல. சாற்றிலுள்ள ஃப்யூரானோகூமரின் மேல் வெயில் பட்டால் யாருக்கும் தோல் வெந்துபோகும். சாறு பட்டவுடன் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலை மறைத்திருக்க வேண்டும். இப்போது மருத்துவர்தான். வேடிக்கை என்னவென்றால், இதே இனப் பொருளைப் புற ஊதா ஒளியோடு சேர்த்து வெண்புள்ளிக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

ஓமமும் கற்பூரவல்லியும் ஒரே குடும்பமா?

இல்லை. ஓமம் கேரட் குடும்பம், கற்பூரவல்லி துளசிக்கு உறவு. தைமால் என்னும் மணப்பொருள் இரண்டிலும் உண்டு, அவ்வளவுதான்.

கொத்தமல்லித் தழை சோப்பு நாற்றம் அடிக்கிறது என்று என் கணவர் சாப்பிட மறுக்கிறார்.

பொய் சொல்லவில்லை. தழையிலுள்ள ஆல்டிஹைடு என்னும் மணப்பொருள்கள் சிலர் மூக்கில் அப்படித்தான் ஏறும். தனியாவின் மணம் லினலூல் என்னும் வேறு பொருள். ரசத்தில் அதைப் போடுங்கள்.