கெர்ரி குழந்தைகள் வழக்கில் ரத்த வகை பொருந்தாதபோதும் அந்தப் பெண்மீது ஏன் கொலைக் குற்றம் சுமத்தினார்கள்?

கொல்லப்பட்ட குழந்தையின் தாயாக இருக்க முடியாது என்று ரத்த வகை அந்தப் பெண்ணை விலக்கவில்லை. அவரையும் அவருடைய காதலரையும் ஜோடியாக மட்டுமே விலக்கியது. அந்தச் சந்தில்தான் போலீஸ் புகுந்துகொண்டது.

1984 ஏப்ரல் 14 அன்று அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில், கஹர்சிவீன் அருகே ஒயிட் ஸ்ட்ராண்ட் கடற்கரையில் ஒரு பச்சிளம் ஆண் குழந்தையின் உடல் கிடைத்தது. 28 கத்திக்குத்துகள், கழுத்தும் முறிந்திருந்தது. ஜான் என்று பெயர் சூட்டி அடக்கம் செய்தார்கள்.

பெரியவரின் உடல் என்றால் பல் மருத்துவப் பதிவு, கைரேகை, காணாமல்போனோர் பட்டியல் என்று ஏதாவது கைகொடுக்கும். பிறந்த குழந்தைக்கு இவை எதுவும் கிடையாது. தாயைக் கண்டுபிடித்தால்தான் அது யார் என்று தெரியும். அதனால் அயர்லாந்து போலீசான கார்டா, கர்ப்பமாக இருந்தும் கையில் குழந்தை இல்லாத பெண்களைத் தேடியது. எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி, அபிடார்னியில் இருந்த 25 வயதுப் பெண் ஒருவர் சிக்கினார். தன் குழந்தை இறந்துவிட்டது, உடல் எங்கள் பண்ணையிலேயே இருக்கிறது என்றார் அவர். மே 1 அன்று அவரும் குடும்பத்தாரும் கையெழுத்திட்ட வாக்குமூலங்களிலோ குழந்தையைக் குத்திக் கொன்று, காரில் கொண்டுபோய்க் கடலில் போட்டதாக இருந்தது. மறுநாளே பண்ணையில் அவருடைய குழந்தையின் உடல் கிடைத்தது. வழக்கு அன்றே முடிந்திருக்க வேண்டும்.

இனி ரத்த வகைக்கு வருவோம். அந்தப் பெண் ஓ, காதலர் ஓ, பண்ணையில் கிடைத்த குழந்தையும் ஓ. கடற்கரைக் குழந்தை மட்டும் ஏ. ஓ வகைக்காரரிடம் ஏ மரபணு இருக்காது; இருவருமே ஓ என்றால் ஏ குழந்தை பிறக்காது. ஆனால் தாய் ஓவாக இருந்து, தந்தை ஏ அல்லது ஏபி என்றால் பிறக்கலாம். "அப்படியானால் இன்னொரு ஆண் இருந்திருக்கிறான், இரண்டு தந்தையருக்கு இரட்டைக் குழந்தைகள்" என்றது போலீஸ். மருத்துவத்தில் அபூர்வமாக நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்த இரண்டாவது ஆண் யார் என்பதற்குத் துரும்பளவு ஆதாரமும் இல்லை. வாக்குமூலத்தைக் காப்பாற்ற ஓர் ஆளையே கற்பனை செய்தார்கள் என்றுதான் சொல்வேன்.

அக்டோபரில் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். 1985இல் நீதிபதி கெவின் லிஞ்சின் விசாரணை ஆணையம், கடற்கரைக் குழந்தை அவருடையது அல்ல என்று ஏற்றது. ஆனால் சொந்தக் குழந்தையின் சாவுக்கு அவரே காரணம் என்று எழுதிவைத்தது. பிரேதப் பரிசோதனையில் சாவுக்கான காரணமே உறுதியாகாத நிலையில்! 2020இல்தான் நீதிமன்றம் இந்த முடிவுகள் ஆதாரமற்றவை என்று அறிவித்தது, அரசும் மன்னிப்புக் கேட்டது.

டிஎன்ஏ அந்தச் சந்தை அடைத்துவிடுகிறது. தந்தை யாராக இருந்தாலும், ஒப்பிடும் ஒவ்வொரு இடத்திலும் குழந்தையின் இரண்டு குறிகளில் ஒன்று தாயுடையதோடு பொருந்தியாக வேண்டும். ஒரே இடத்தில் பொருந்தாவிட்டால் மரபணு மாற்றமாக இருக்கலாம். பல இடங்களில் பொருந்தாவிட்டால் தாய் அல்ல. ஜானின் பாதுகாத்துவைத்த மாதிரியிலிருந்து எடுத்த டிஎன்ஏ விவரத்தை வைத்து, அந்தப் பெண் ஜானின் தாய் அல்ல என்று 2018 ஜனவரியில் கார்டா உறுதிசெய்து அவரிடம் மன்னிப்புக் கேட்டது.

அதே ஆண்டு ஜானின் குடும்பத்தைத் தேடி, கஹர்சிவீன் அருகே உள்ள வலென்ஷியா தீவில் வீடு வீடாகப் போய், விருப்பப்பட்டவர்களிடம் மாதிரி வாங்கினார்கள். தாயே தர வேண்டும் என்றில்லை. நெருங்கிய உறவினர் ஒருவர் தந்தாலும் குடும்பம் பிடிபடும். 2021 செப்டம்பரில் ஜானின் உடலைத் தோண்டி எடுத்தார்கள். 2023 மார்ச்சில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் கைதுசெய்து, குற்றம் சுமத்தாமலே விடுவித்தார்கள்.