வாசகர் கேள்வி - பதில்: பெப்டோனும் புண்ணாக்குத் தண்ணீரும்

ஈரோட்டுக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் மீடியா (நுண்ணுயிர் வளர்க்கும் ஊட்டக் கரைசல்) காய்ச்சி ஓய்வு பெற்ற அம்மா பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, வணக்கமுங்க. எங்க ஊர் மஞ்சள்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சூடோமோனாஸ் என்கிற நன்மை செய்யும் பாக்டீரியாவை வளர்க்கிறோம். பெப்டோன் டப்பா விலை கட்டுபடியாகலைங்க. கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் போதாதா?
- விவசாயி, பெருந்துறை

பதில்: தம்பி, எந்தக் கட்டத்தில் ஊற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. பெப்டோன் என்பது புரதத்தை நொதியாலோ அமிலத்தாலோ துண்டு துண்டாக்கி உலர்த்திய பொடி. முழுப் புரதம் பாக்டீரியாவுக்குள் நுழையாது, துண்டானால்தான் நுழையும். ஆனால் சில பாக்டீரியா வெட்டும் நொதியைத் தானே வெளியே விடும். உங்கள் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் அந்த வகை. குளிரில் வைத்த பால் கசப்பதற்கு அதன் நொதியும் ஒரு காரணம். ஆகவே புண்ணாக்குத் தண்ணீரில் அது வளரும்.

வேறு எதெல்லாம் வளரும் என்பதுதான் என் கவலை. புண்ணாக்கில் பேசில்லஸ் என்ற வேறொரு பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். அடுப்பில் கொதிக்க வைத்தால் அவை சாகாது. மறுநாள் தண்ணீர் கலங்கியிருப்பதைப் பார்த்து சூடோமோனாஸ் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவோம், வந்தது பேசில்லஸாக இருக்கும். மெல்லிய துணியில் வடிகட்டி, ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலத்தில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில், அதாவது 121 டிகிரியில், குறைந்தது 15 நிமிடம் வையுங்கள். பாத்திரம் பெரிதானால் உள்ளே சூடு ஏற நேரமாகும், கூடுதலாக விடுங்கள். பூஞ்சை பிடித்த புண்ணாக்கைத் தொடவே தொடாதீர்கள், அதில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கலாம்.

அப்புறம் தாய்க் கல்ச்சர், அதாவது ஒவ்வொரு முறையும் பெருக்குவதற்கு விதையாக எடுக்கும் சுத்தமான வளர்ப்பு. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1954-இல் கிங், வார்டு, ரேனி மூவரும் தந்த கிங்ஸ் பி மீடியாவிலேயே அதை வையுங்கள். லிட்டருக்கு புரோட்டியோஸ் பெப்டோன் 20 கிராம், கூடவே கிளிசரால், பொட்டாசியம் பாஸ்பேட், மக்னீசியம் சல்பேட். அதில் இரும்புச் சத்து குறைவு. இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தால்தான் இந்த பாக்டீரியா மஞ்சள் பச்சை நிறமியைச் சுரக்கும், புற ஊதா விளக்கடியில் தட்டு ஒளிரும். புண்ணாக்கில் இரும்பு உண்டு என்பதால் அங்கே அந்த ஒளியை நம்ப முடியாது. கையில் இருப்பது சூடோமோனாஸ்தானா என்று பார்க்கும் முதல் வழியே போய்விடும். செலவைக் கணக்குப் போடுங்கள்: 100 மில்லி தாய்க் கல்ச்சருக்கு 2 கிராம் பெப்டோன். அரைக்கிலோ டப்பா ஒன்றில் 250 முறை செய்யலாம். நாலு பேர் பங்கிட்டு வாங்குங்கள். எடுத்ததும் மூடியை இறுக்குங்கள், ஈரத்தை இழுத்தால் வெல்லம் மாதிரி கட்டி தட்டிவிடும்.

கேள்வி: மேடம், ஈ. கோலை பாக்டீரியா இண்டோல் என்ற பொருளை உண்டாக்குகிறதா என்று பார்க்கும் இண்டோல் சோதனை செய்தேன். மூன்று முறையும் சிவப்பு வளையம் வரவில்லை. கல்ச்சர் தவறா?
- மாணவி, பொள்ளாச்சி

பதில்: கண்ணு, கல்ச்சரைக் குறை சொல்வதற்கு முன் டப்பா லேபிளைப் படி. எங்கள் ஆய்வகத்தில் இதே கூத்து ஒரு வாரம் நடந்தது. கல்ச்சரை மாற்றினோம், இண்டோல் இருந்தால் சிவப்பு காட்டும் கோவாக்ஸ் கரைசலைப் புதிதாகக் கலந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால், புதிதாக வந்திருந்தது பால் புரதமான கேசினை அமிலத்தால் சிதைத்த பொடி. சூடான அமிலம் புரதத்தில் உள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை அழித்துவிடும். ஈ. கோலை இண்டோலை உண்டாக்குவதே அந்த டிரிப்டோபானைப் பிளந்துதான். அது இல்லாத இடத்தில் வளையம் எங்கிருந்து வரும்? கணைய நொதியால் வெட்டிய கேசின், அதாவது டிரிப்டோன், அதைக் காப்பாற்றி வைத்திருக்கும். டிரிப்டோன் 10 கிராம், உப்பு 5 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர் என்று காய்ச்சியதும் மறுநாளே செர்ரிப் பழச் சிவப்பில் வளையம் நின்றது. அன்று பட்ட பாட்டை இன்றும் மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், டப்பாவில் பெப்டோன் என்று இருந்தால் மட்டும் போதாது. எந்தப் புரதம், எதனால் வெட்டியது என்று இரண்டையும் பார். குளுக்கோஸ் சேர்த்திருந்தாலும் இண்டோல் அடங்கிவிடும், அதையும் சரிபார்.

கேள்வி: எங்கள் வீட்டில் சைவம். இறைச்சி கலக்காத பெப்டோன் உண்டா?
- வாசகர், காங்கேயம்

பதில்: உண்டுங்க. சோயா பெப்டோன் கேளுங்கள். அதை வெட்ட பப்பாயின் நொதியையும் பயன்படுத்துகிறார்கள். பப்பாளிக் காயைக் கீறினால் வழிகிற பாலிலிருந்து எடுப்பது அது. அந்தப் பால் எடுக்கவும் ஏற்றதாகக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, கோ 5 ரகங்களை வெளியிட்டது. சோயாவில் சர்க்கரையும் கொஞ்சம் வரும், சர்க்கரைச் சோதனைகளுக்கு மட்டும் அது வேண்டாம்.