60 கணினிகளுக்கு விர்ச்சுவல் டெஸ்க்டாப் சரிப்படுமா?

கேள்வி: அலுவலகத்தில் 60 கணினிகள் இருக்கின்றன. ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கக்கூட ஒவ்வொரு மேஜையாகப் போக வேண்டியிருக்கிறது. விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு மாறலாமா? எவ்வளவு பெரிய சர்வர் தேவை?

பதில்: மாறலாம். விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் ஒவ்வொருவரின் விண்டோஸும் மேஜைக் கணினியில் அல்ல, மையத்தில் உள்ள சர்வரில் ஓடும், மேஜையில் திரை மட்டும் தெரியும். ஆனால் செலவு குறையும் என்று நம்பி மாறாதீர்கள். மேஜையில் மிச்சமாவது சர்வர், ஸ்டோரேஜ், லைசென்ஸ் என்று போய்விடும். உண்மையான லாபம் பராமரிப்பில்தான். கோல்டன் இமேஜ் எனப்படும் ஒரே ஒரு மூலப் பிரதியைப் புதுப்பித்தால், அடுத்த லாகினில் 60 பேருக்கும் புதியது கிடைத்துவிடும். தவறிப்போனால் பழைய இமேஜுக்குத் திரும்பச் சில நிமிடங்கள் போதும்.

எல்லோரும் பிரௌசர், ஆபிஸ், ஒரு கணக்கு மென்பொருள் என்று ஒரே மாதிரி வேலை செய்பவர்களா? அப்படியானால் ஆளுக்கொரு விர்ச்சுவல் மெஷின் (சர்வருக்குள் மென்பொருளால் உருவாகும் தனிக் கணினி) வேண்டியதில்லை. ஒரு விண்டோஸ் சர்வரைப் பலர் பகிரும் ரிமோட் டெஸ்க்டாப் முறையை முதலில் பாருங்கள், அதுவே மலிவு. அதற்கும் ஆளுக்கு ஒரு ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) லைசென்ஸ் வேண்டும். 120 நாள் சலுகைக் காலத்தில் எல்லாம் ஓடும், அது முடிந்ததும் இணைப்பு மறுக்கப்படும். சலுகைக் காலம் முடிவதற்குள் லைசென்ஸை வாங்கிவிடுங்கள்.

மென்பொருள்கள் சர்வர் விண்டோஸில் ஓடாவிட்டால்தான் தனித்தனி மெஷின். ஆளுக்கு 2 விர்ச்சுவல் சிபியு, 6 ஜிபி ரேம் என்று வைத்தால் மொத்தம் 120 விர்ச்சுவல் சிபியு, 360 ஜிபி ரேம். சர்வர் சிபியுவின் ஒரு கோருக்கு நான்கைந்து விர்ச்சுவல் சிபியு அலுவலக வேலைக்குத் தாங்கும். ரேமை அப்படி மிகையாகப் பங்கிடாதீர்கள். 16 கோர், 256 ஜிபி கொண்ட மூன்று சர்வர்கள் வாங்கினால், ஒன்று படுத்தாலும் மீதி இரண்டு 60 பேரையும் சுமக்கும். ஒரே பெரிய சர்வர் மட்டும் வாங்கினால், அது நிற்கும் நாளில் அலுவலகமே நிற்கும்.

பெரும்பாலான திட்டங்கள் சிபியுவில் அல்ல, ஸ்டோரேஜில்தான் தடுக்கி விழுகின்றன. காலை 9 மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் லாகின் செய்யும்போது சுழலும் ஹார்டு டிஸ்க் திணறிப்போகும். எஸ்எஸ்டி அல்லது அதைவிட வேகமான என்விஎம்இ வகை கட்டாயம். மெஷின்களை 8:30-க்குள் தானாகவே ஆன் ஆகவிடுங்கள். ஆன்ட்டிவைரஸ் முழு ஸ்கேனை எல்லா மெஷினிலும் ஒரே நேரத்துக்கு வைக்காதீர்கள்.

அடுத்தது பயனர் ப்ரொஃபைல். மெஷின்களை எல்லோரும் பொதுவாகப் பகிரும் பூல் முறையில் லாக்ஆஃப் ஆனதும் மெஷின் அழிந்து புதிதாகும், எனவே பயனரின் அமைப்புகளை வெளியே வைக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் எஃப்எஸ்லாஜிக்ஸ் மென்பொருள், ப்ரொஃபைலை ஒரு விஎச்டிஎக்ஸ் (விர்ச்சுவல் டிஸ்க்) கோப்பாக ஃபைல் சர்வரில் வைத்து லாகினில் இணைத்துவிடும். “என் டெஸ்க்டாப்பில் இருந்ததெல்லாம் காணோம்” என்று யாராவது சொன்னால் பதறாதீர்கள். முந்தைய செஷன் முடியாமல் கோப்பைப் பூட்டி வைத்திருக்க, விண்டோஸ் தற்காலிக ப்ரொஃபைலைக் கொடுத்திருக்கும். தொங்கும் செஷனை லாக்ஆஃப் செய்து, அவரை மறுபடி லாகின் செய்யச் சொன்னால் பொருள் திரும்ப வந்துவிடும், தற்காலிக ப்ரொஃபைலில் சேமித்தது மட்டும் போய்விடும். துண்டித்த செஷன் சில மணி நேரத்தில் தானாக முடியும்படி விதி வையுங்கள். விஎச்டிஎக்ஸ் கோப்புகளை ஆன்ட்டிவைரஸிலிருந்து விலக்குங்கள். அந்த ஃபைல் சர்வருக்குத் தினமும் பேக்கப் எடுங்கள்.

வெளியிலிருந்து வருபவர்களுக்காக ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள், ரான்சம்வேர் நுழையும் பழகிய வாசல் அது. இணைப்புகளை நடுவில் நின்று சோதிக்கும் கேட்வேயும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வைத்து உள்ளே விடுங்கள்.

முதலில் ஐந்தாறு பேரிடம் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஸ்கேனர், கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன், லேபிள் பிரிண்டர், வீடியோ கால் நான்கையும் அவர்கள் அன்றாடம் பயன்படுத்தட்டும், சிக்கல் இவற்றில்தான் வரும். வீடியோ எடிட்டிங், கேட் (CAD) வரைபடம் செய்பவர்களுக்கு ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) இல்லாமல் இது சரிப்படாது. இணையம் இல்லாத இடங்களுக்கு லேப்டாப்போடு போகிறவர்களுக்கும் அப்படித்தான். அவர்களுடைய கணினியை அப்படியே விட்டு, மையத்திலிருந்தே புதுப்பிப்புகளை அனுப்பும் பேட்ச் மேலாண்மை மென்பொருளில் சேர்த்துவிடுங்கள்.